குவாண்டம் பின்னலும் கடவுளின் பிரசன்னமும்: இதை வாலிபர் கூட்டத்தில் பேசலாமா?

சக்கேயு:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இயற்பியல் இளங்கலை கடைசி ஆண்டு படிக்கிறேன். போன மாதம் எங்கள் சபை வாலிபர் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு சகோதரர் பேச வந்திருந்தார். குவாண்டம் இயற்பியல், அதாவது அணு அளவிலான துகள்களின் இயற்பியல், கடவுளை நிரூபிக்கிறது என்பதுதான் மொத்தப் பேச்சும். பின்னிக்கிடக்கிற இரண்டு துகள்களை எவ்வளவு தூரம் பிரித்து வைத்தாலும் ஒன்றைத் தொட்டால் மற்றதற்கு அந்தக் கணமே தெரிந்துவிடுமாம், நாம் இங்கே ஜெபித்தால் வெளிநாட்டில் இருக்கிற அப்பாவை அது உடனே தொடுவதும், கடவுள் எங்கும் நிறைந்திருப்பதும் இப்படித்தானாம். அப்புறம், யாராவது பார்க்கும்வரை எலக்ட்ரான் ஓர் இடத்தில் இருப்பதே இல்லை, கடவுள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்றார். கடைசியாக, ஒளி அலையாகவும் துகளாகவும் இருப்பதுபோல இயேசு தேவனாகவும் மனிதனாகவும் இருக்கிறார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான்.

விடுதிக்கு வந்து அறை நண்பனிடம் சொன்னேன். அவனும் என் வகுப்பு, கிறிஸ்தவன் இல்லை. அவன் கிண்டல் செய்யவில்லை, நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “நாளைக்கு இந்தக் கோட்பாட்டைத் திருத்தி எழுதிவிட்டால் உன் கடவுளையும் திருத்துவாயா?” எனக்கு பதில் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், அடுத்த மாதக் கூட்டத்தில் இதே விஷயத்தைப் பற்றி 15 நிமிடம் பேச என்னைக் கேட்டிருக்கிறார்கள், இயற்பியல் படிக்கிற பையன் நான்தான் என்பதால். அந்தச் சகோதரர் சொன்னது தவறு என்றால் தவறு என்றே சொல்லிவிடலாம், அதில் எனக்குப் பயமில்லை. ஆனால் அன்று இரவு 139ஆம் சங்கீதத்தை எடுத்து ‘உம்முடைய சமுகத்தை விட்டு எங்கே ஓடுவேன்’ என்று வாசித்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஆய்வகமும் ஆலயமும் ஒரே கூரைக்குக் கீழே வந்ததுபோல இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:

தம்பி, நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 20 வருடத்துக்கு மேல் இயற்பியல் எடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியும் எடுக்கிறேன். அந்த மூன்றையும் மேடையில் சொல்லாதே. காரணம் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் உன் பாடப் புத்தகமே சாட்சி.

பின்னலில் எந்தச் செய்தியும் போவதில்லை. இந்தப் பக்கம் இருப்பவர் துகளின் சுழற்சியை அளந்தால் மேலோ கீழோ சரிபாதியாக, ஒழுங்கில்லாமல் வரும். அந்தப் பக்கம் இருப்பவருக்கும் அப்படியேதான். பிறகு இரண்டு பேரும் போன் போட்டு இரண்டு பட்டியலையும் ஒப்பிடும்போதுதான் ஒற்றுமை தெரியும், அந்த போன் ஒளியின் வேகத்தைத் தாண்டிப் போகாது. ஒரு செருப்பு வீட்டில் கிடந்தால் மற்றது கோயில் வாசலில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது மாதிரிதானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. செருப்பு முதலிலிருந்தே இடது, வலது என்று முடிவாகிவிட்டது. துகள்கள் அப்படி முன்கூட்டியே முடிவாகி, தூரத்திலிருந்து எந்தப் பாதிப்பும் வாங்காமல் இருந்தால் ஒற்றுமை எந்த அளவைத் தாண்டக்கூடாது என்று இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் கணக்குப் போட்டார், சோதனைகளில் அது தாண்டியது. அந்தச் சோதனைகளுக்குத்தான் அஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உண்மையிலேயே ஆச்சரியமான விஷயம், ஆனால் ஜெபத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கம்பி அது இல்லை. இன்னொன்றையும் யோசி. பின்னல் ரொம்ப மென்மையானது, ஒரு காற்று மூலக்கூறு வந்து மோதினாலே கலைந்துபோகும், அதைக் காப்பாற்றத்தான் ஆய்வகங்களில் வெற்றிடமும் கடுங்குளிரும் வைத்துப் போராடுகிறார்கள். கடவுளின் பிரசன்னத்துக்கு இதையா உவமை சொல்வது? ‘நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்’ என்று அதே சங்கீதம் சொல்கிறதே.

இரண்டாவது, பார்ப்பது. இதுதான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. இயற்பியலில் பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பது இல்லை, ஒன்று போய் இன்னொன்றோடு மோதி, எந்த வழியாக வந்தது என்ற தடயத்தை விட்டுவிட்டு வருவது. ஜப்பானில் டோனோமுரா குழு 1989இல் இரண்டு பக்கமாகவும் போக வழி வைத்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் படம் எடுத்தது. முதலில் திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி விழும், மழை ஆரம்பிக்கும்போது சிமெண்டுத் தரையில் விழுகிற மாதிரி. ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் மெல்ல, அலைகளுக்கு வருவதுபோல வரிவரியாகப் பட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். எந்தப் பக்கமாகப் போனது என்று ஒரு கருவி பார்த்திருந்தால் அந்தப் பட்டை வந்திருக்காது. கடவுள் அந்தக் கருவி பார்ப்பதுபோலப் பார்க்கிறவர் என்றால் உலகத்தில் எங்குமே பட்டை வரக்கூடாது. வருகிறது. அப்படியென்றால் அவர் காண்பது அளப்பது இல்லை. ஆகார் வனாந்தரத்தில் ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’ என்று சொன்னாளே, அவளை எதுவும் அங்கே அளக்கவில்லை.

மூன்றாவதை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, இங்கே வேத சாஸ்திரம் படித்தவர்கள் வருவார்கள்.

எம்மாவு வழிப்போக்கன்:

டீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் கத்தோலிக்கன், குருமடத்தில் சில ஆண்டுகள் இருந்து வெளியே வந்தவன்.

451இல் ஆயர்கள் கூடிய கால்சிதோன் சங்கம் கிறிஸ்துவில் இரண்டு இயல்புகளும் கலவாமல், மாறாமல், பிரியாமல், பிரிக்கப்படாமல் இருக்கின்றன என்று அறிக்கையிட்டது. அலை, துகள் விஷயத்தில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் சொன்னது வேறு: ஒரு சோதனை அமைப்பில் அலைத்தன்மை முழுதாகத் தெரிந்தால் துகள்தன்மை மறைகிறது, அமைப்பை மாற்றினால் அப்படியே தலைகீழ். அதைக் கிறிஸ்துவுக்குப் பொருத்தினால் அற்புதம் செய்யும்போது தேவன், பசிக்கும்போது மனிதன் என்று ஆகிவிடும். திருச்சபை மறுத்ததே அதைத்தான். லாசரின் கல்லறை முன் அழுதவரும் அவனை எழுப்பியவரும் எந்த நேரத்திலும் இரண்டுமாகவே இருந்தார். நல்ல எண்ணத்தில் சொல்லப்படுகிற உவமைதான், ஆனால் நம்மைத் தப்பான கரையில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

சக்கேயு, உங்கள் நண்பர் கேட்ட கேள்வியை ஒரு குருவானவரே கேட்டிருக்கிறார். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர். பிரபஞ்சம் விரிவதை 1927இல் கணக்கிட்டவர், 1931இல் உலகத்தின் தொடக்கத்தைக் குவாண்டம் கோட்பாட்டின் பக்கமிருந்து பார்த்து நேச்சர் இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார், ஒரு பக்கம்கூட வராது. 1951 நவம்பரில் திருத்தந்தை 12ஆம் பயஸ், அறிவியல் இப்போது படைப்பின் தொடக்கத்துக்கே சாட்சி சொல்கிறது என்ற பொருள்பட உரையாற்றினார். சந்தோஷப்பட வேண்டியவர் லெமைத்ர்தான், ஆனால் அவருக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் கோட்பாடு ஒரு கருதுகோள், திருத்தப்படலாம், அதன்மேல் விசுவாசத்தைக் கட்டக்கூடாது என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டு வானியலாளர்கள் ரோமில் கூடியபோது திருத்தந்தை அந்த வாதத்தைத் திரும்பச் சொல்லவில்லை. தினமும் பூசை வைக்கிற ஒருவர்தான் இப்படிப் பிரித்துப் பார்த்தார் என்பதை உங்கள் நண்பரிடமும் சொல்லுங்கள்.

இன்னொருவர் ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோபர். 1944 மே கடைசியில் பெர்லின் டேகல் சிறையில் இருந்தபடி வைட்ஸேக்கர் எழுதிய இயற்பியல் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார், வைட்ஸேக்கர் குவாண்டம் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹைசன்பர்க்கிடம் படித்தவர். அதைப் படித்துவிட்டு எழுதிய கடிதத்தில், நமக்குத் தெரியாத இடங்களில் அடைப்பாகக் கடவுளை வைக்கக்கூடாது, அறிவு வளர வளர அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டிவரும், நமக்குத் தெரிந்தவற்றிலேயே அவரைக் காண வேண்டும் என்று எழுதினார். ஒரு வருடம் ஆவதற்குள் அவரைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். சாவு பக்கத்தில் இருக்கும்போதும் ஒரு மனிதர் இதைப் பொருட்டாக நினைத்து எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டீர்கள். நிறைய மிஞ்சும். கடவுள் எல்லாவற்றிலும் எப்படி இருக்கிறார் என்று இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸ் கேட்டு, மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்: எல்லாம் அவர் வல்லமைக்குள் இருப்பதால், எல்லாம் அவர் கண்முன் திறந்து கிடப்பதால், எல்லாவற்றுக்கும் இருப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கிற காரணம் அவர் என்பதால். அந்த மூன்றாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சூரியன் இருக்கும்வரைதான் காற்றில் வெளிச்சம் இருக்கிறது, அதுபோல என்கிறார். சிற்பி ஊருக்குப் போனாலும் சிலை நிற்கும், ஆனால் பாடுகிறவர் நிறுத்தினால் பாட்டு இல்லை. உலகம் பாட்டு மாதிரி. எலக்ட்ரான் எங்கே விழும் என்று முன்கூட்டித் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, அது இருக்கிறது என்பதே அவர் தருவது. நாளைக்குக் கோட்பாட்டைத் திருத்தினாலும் இது அசையாது.

பெத்தேல்:

மேலே இரண்டு பேர் சொன்னதும் சரிதான், ஆனால் இப்படி எல்லாவற்றையும் கழித்துவிட்டால் கடவுள் உலகத்தைத் தாங்குகிறார், அதோடு சரி என்று ஆகிவிடாதா? நாம் ஜெபிக்கிற கடவுள் செயல்படுகிறவர். செங்கடலைப் பிளந்தவர். இயற்கை விதியை உடைக்காமல் அவர் இன்றைக்கு எப்படிச் செயல்படுகிறார் என்று கேட்பது நியாயமான கேள்வி, அதில் குவாண்டத்துக்கு இடம் இருக்கிறது.

வில்லியம் பொல்லார்ட் அமெரிக்காவில் ஓக் ரிட்ஜில் இருந்த இயற்பியலாளர், பின்னால் எபிஸ்கோபல் சபையில் குருவானவர். 1958இல் ஒரு புத்தகம் எழுதினார். விதி பல வாய்ப்புகளைத் திறந்து வைக்கிறது, அதில் எது நடக்க வேண்டும் என்பது கடவுளின் கையில் என்றார். ‘சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்’ என்ற நீதிமொழிதான் இது. அதன்பின் ராபர்ட் ஜான் ரஸ்ஸல், 1981இல் பெர்க்லியில் இறையியலுக்கும் இயற்கை அறிவியலுக்குமான மையத்தைத் தொடங்கியவர், இதை இன்னும் கவனமாகச் சொல்கிறார். இது நம் அறியாமையில் உள்ள இடைவெளி இல்லை, இயற்கையிலேயே உள்ள திறப்பு, அதனால் அறிவு வளர்ந்தாலும் மூடாது. ஒரு கதிர் மரபணுவில் ஓரிடத்தில் பட்டால் ஒரு சடுதி மாற்றம், அது தலைமுறை தலைமுறையாகப் பெருகி ஓர் உயிரினத்தின் வரலாற்றையே திருப்பும். அணு அளவில் நடப்பது அணு அளவிலேயே நின்றுவிடுவதில்லை.

கரும்பலகை:

பெத்தேல் அண்ணா, ரஸ்ஸல் சொல்வது அந்த மேடைப் பேச்சு மாதிரி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், யோசித்துச் சொல்லப்பட்டது. ஆனால் ‘இயற்கையிலேயே உள்ள திறப்பு’ என்பது ஒரு விளக்கம்தான். இயற்பியலாளர் டேவிட் போம் 1952இல் அதே கணக்கை எல்லாம் நிர்ணயமாக, அதாவது முன்கூட்டியே முடிவானபடி, நடப்பதாகவே எழுதிக் காட்டினார், சோதனை முடிவுகள் அதிலும் அப்படியேதான் வருகின்றன. இரண்டில் எது என்று ஆய்வகம் இதுவரை பிரித்துச் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் பேராசிரியர் வேலையை 1979இல் விட்டுவிட்டு குருவானவரான ஜான் போல்கிங்ஹார்னுக்கும் இதில் தயக்கம் இருந்தது. அந்த நிர்ணயமின்மை அளவீடு நடக்கும்போது மட்டும்தான் தலைகாட்டுகிறது, அப்படியானால் கடவுள் அங்கங்கே, அவ்வப்போது செயல்படுகிறவர் ஆகிவிடுவாரே என்று கேட்டார்.

சக்கேயு, உனக்கு மேடையில் காட்ட ஒன்று சொல்கிறேன். இரத்த அழுத்தக்காரர்களுக்கு விற்கிற சோடியம் குறைந்த உப்பு பாக்கெட் ஒன்று வாங்கு, பொட்டாசியம் குளோரைடு இருக்கிறதா என்று அட்டையில் பார்த்துக்கொள். உங்கள் துறையில் கதிரியக்கத்தை எண்ணுகிற கைகர் எண்ணி இருக்கும், கேட்டு வாங்கு. சும்மா வைத்தால் டக்... டக் என்று எப்போதாவது சத்தம் வரும். உப்பைப் பக்கத்தில் வைத்தால் சத்தம் நெருங்கும், ஆனால் தாளம் இருக்காது. டக் டக்டக், ஒரு மௌனம், திரும்ப டக். அந்த உப்பில் கொஞ்சம் இருக்கிற கதிரியக்கப் பொட்டாசியம் 40தான் காரணம், அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகிற காலம், 125 கோடி ஆண்டுகள். அடுத்தது எந்த அணு என்று எந்தப் பேராசிரியராலும் சொல்ல முடியாது. அதே பொட்டாசியம் உன் உடம்பிலும் இருக்கிறது, நொடிக்கு 4,000க்கும் மேல் அணுக்கள் சிதைகின்றன. எங்கள் வகுப்பில் இதைக் கேட்கும்போது பின் வரிசைகூட அமைதியாகிவிடும்.

110 நிமிடம்:

ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறவன். பெத்தேல் சொன்ன அந்த ‘ஒரு கதிர் மரபணுவில் பட்டால்’ என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பெட் ஸ்கேன் எடுக்கிற பிரிவில் டெக்னீஷியன். ஃப்ளோரின் 18 சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றி நோயாளிக்குப் போடுவோம், புற்று உள்ள இடம் அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அரை ஆயுட்காலம் 110 நிமிடம், என் நாள் முழுக்க அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. எந்த அணு எப்போது சிதையும் என்று தெரியாது, ஆனால் 110 நிமிடத்தில் பாதி போயிருக்கும், ஒருநாளும் தவறியதில்லை. சிதையும்போது வருகிற பாசிட்ரான், எலக்ட்ரானின் எதிர்த்துகள், கொஞ்ச தூரத்திலேயே ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் இல்லாமல் போகின்றன, இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. ஸ்கேன் கருவியின் வளையத்தில் நாங்கள் பிடிப்பது அந்த ஜோடியைத்தான். அவை பின்னலில் உள்ள ஜோடி என்று படிக்கும் காலத்தில் எங்கள் ஆசிரியர் சொன்னார், வூ, ஷாக்னோவ் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 1950இலேயே இப்படிப்பட்ட ஜோடிகளை அளந்திருக்கிறார்கள். ஆக, தம்பி தேடுகிற பின்னல் எங்கள் மேசையில் படுத்திருக்கிற மனிதரின் உடம்பிலிருந்தே வருகிறது.

நேற்று முன்தினம் ஏழு வயதுப் பிள்ளை. அவள் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் உயிரணு ஒன்றில் என்றோ ஒருநாள் ஒரு சடுதி மாற்றம் நடந்திருக்கிறது. ஒவ்வொரு குவாண்டம் நிகழ்வையும் கடவுள்தான் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அதையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். பெத்தேல் அண்ணா, உங்களைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் அந்த அம்மாவின் முன்னால் நின்று என்னால் அதைச் சொல்ல முடியாது. நல்லதை மட்டும் தேர்ந்தெடுக்கிறார், மற்றதை விட்டுவிடுகிறார் என்றாலும் ஏன் விட்டார் என்று அவர் கேட்பார். எம்மாவு அண்ணன் சொன்ன வழியில்தான் எனக்கு மூச்சு விட முடிகிறது. அந்தப் பிள்ளை இருக்கிறாள், அவள் இருப்பதைத் தாங்குகிறவர் அவளோடு அந்த அறையில் இருக்கிறார்.

பெத்தேல்:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ரஸ்ஸலும் இந்தக் கேள்வியிலிருந்து ஒதுங்கவில்லை. படைப்பின் வேதனைக்குப் பதிலைப் படைப்பில் மட்டும் தேட முடியாது என்று சிலுவைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் வருகிறார். பொல்லார்ட் போல எல்லா நிகழ்வையும் என்று சொல்வதை நான் விட்டுவிடுகிறேன். கடவுள் செயல்படுகிறார் என்பதை மட்டும் விட மாட்டேன்.

110 நிமிடம்:

நானும் விடவில்லை அண்ணா.

சக்கேயு:

எல்லோருக்கும் நன்றி. இரவு முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் நண்பனையும் உட்கார வைத்து லெமைத்ர் பகுதியைக் காட்டினேன். “இப்படி ஒருவர் இருந்தாரா” என்று கேட்டுவிட்டு கடைசிவரை படித்தான்.

இப்படிப் பேசலாம் என்று நினைக்கிறேன். முதலில் அந்த மூன்று உவமைகளும் ஏன் நிற்காது என்று, அந்தச் சகோதரரின் பெயரை இழுக்காமல். அப்புறம் விளக்கை அணைக்காமலே கைகர் எண்ணியும் உப்பும், துறையில் கேட்டேன், சனிக்கிழமை தருகிறார்கள். அந்தச் சத்தத்தை ஒரு நிமிடம் எல்லோரும் கேட்கட்டும், இதில் கடவுள் ஒளிந்திருக்கிறார் என்று நான் சொல்லப்போவதில்லை. ‘அவருக்குள் நாம் பிழைக்கிறோம், அசைகிறோம், இருக்கிறோம்’ என்று பவுல் ஏதென்ஸில் சொன்னதை மட்டும் வாசிப்பேன். அந்த வசனத்தில் ‘இருக்கிறோம்’ என்ற சொல்லை நான் இதுவரை கவனித்ததே இல்லை.

110 நிமிடம் அண்ணா, ஒன்று கேட்கலாமா? அந்த அறைக்குள் நீங்கள் ஜெபிப்பீர்களா? என்னவென்று ஜெபிப்பீர்கள்? சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

110 நிமிடம்:

கேட்கலாம் தம்பி. ஊசி போட்டபின் நாங்கள் நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் நிற்கக்கூடாது, கதிர் எங்கள்மேலும் படும். மருந்து பரவும்வரை ஒரு மணி நேரம் போல அவர்கள் அந்த அறையில் தனியாகப் படுத்திருக்க வேண்டும், பேசக்கூடாது, அசையக்கூடாது. நான் ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னால் போக முடியாத அந்த ஒரு மணி நேரத்தில் நீர் அங்கே இரும் என்று பெயரைச் சொல்லி ஜெபிப்பேன். அந்தப் பிள்ளைக்கும் அதையே ஜெபித்தேன். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் ஆனதும் உள்ளே போய் அவள் அம்மாவைக் கூப்பிட்டேன்.